‘கை பாலிஷ்தான், பெயிண்ட் தேயாது’ என்று சொல்லும் கடையில் காரை விடும் முன்

கடந்த மே மாதம், கோவையில் கார் பாலிஷும் கோட்டிங்கும் செய்து தரும் ஒரு கடையில் 7,500 ரூபாய் கொடுத்து என் காருக்குக் கை பாலிஷ் செய்துகொண்டேன். அந்த வேலையின் விளைவாக, பானெட்டுக்கு மறுபடியும் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. இடப்பக்கப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் இன்னும் நிற்கிறது. அதை எடுக்க முயலவே வேண்டாம் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டார். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். எனக்குச் சொல்லப்பட்ட அதே வாக்கியங்களை வேறு ஊர்களில் வேறு கடைகளில் கேட்ட நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள் என்பது மற்றொரு காரணம்.

கார் ஏழு வருடம் பழையது. மெரூன் மெட்டாலிக் நிறம். அப்பா பணி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கியது என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் அதைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் வண்டி துடைக்க வருபவர் ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் வைத்துக்கொண்டு பத்து வண்டிகளைத் துடைத்துவிடுவார். முதல் வண்டியின் மண் துகள்கள் பத்தாவது வண்டிவரை பயணம் செய்யும். அதனால் வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. போர்வெல் தண்ணீரின் உப்பு பானெட்டின்மேல் வட்ட வட்டமாகத் திட்டுப் போட்டிருந்தது. பின்கதவில் ஒரு இருசக்கர வண்டியின் பிரேக் லீவர் உரசிய ஆழமான கோடு ஒன்றும் இருந்தது.

கடை உரிமையாளர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மெஷின் போட்டா பெயிண்ட் தேஞ்சு போயிருமுங்க சார். நம்மகிட்ட முழுக்கக் கை வேலைதானுங்க. ஒரு துளி பெயிண்ட்கூடப் போகாது, கீறல் எல்லாம் போயிரும்” என்றார். கேட்பதற்கு இதமாக இருந்தது, நம்பினேன். ஒரு நிமிடம் யோசித்திருந்தால், அந்த இரண்டு உறுதிமொழிகளும் ஒன்றாக நிற்க முடியாதவை என்பது புரிந்திருக்கும். கீறல் என்பது ஒரு பள்ளம். பாலிஷ் எந்தப் பள்ளத்தையும் மேடாக்குவதில்லை. சுற்றியிருக்கும் பரப்பைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறது, அவ்வளவுதான். கீறல் உண்மையிலேயே போயிருந்தால் கொஞ்சம் மேற்பரப்பும் போயிருக்க வேண்டும். மேற்பரப்பு துளிகூடப் போகவில்லை என்றால் கீறல் அங்கேயேதான் இருக்கிறது, எதையோ பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த மேற்பரப்பு எவ்வளவு மெல்லியது என்பதையும் நான் அப்போது அறிந்திருக்கவில்லை. கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 140 மைக்ரான்தான். 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். பளபளப்பைத் தருவதும், வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் மேலே இருக்கும் கிளியர் கோட். அது சுமார் 40 மைக்ரான் கனம் கொண்டது. கடைகளில் ‘50 மைக்ரான் பை’ என்று பேசப்பட்ட பிளாஸ்டிக் பை நினைவிருக்கும். கிளியர் கோட் அதைவிட மெல்லியது. கவனமாகச் செய்த பாலிஷ் அதில் ஓரிரு மைக்ரானிலிருந்து சில மைக்ரான்வரை எடுக்கும். ஆகவே, கையா மெஷினா என்பதைவிட, எந்தப் பொருளைக் கொண்டு எவ்வளவு தேய்க்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கையால் பிடித்த வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), பக்குவமாக ஓட்டிய மெஷினைவிடப் பல மடங்கு வேகமாகப் பெயிண்டைத் தின்றுவிடும்.

காரை விட்ட அன்று மதியம், வேலை நடக்கிறது என்பதைக் காட்ட உரிமையாளரே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கடை வாசலில், உச்சி வெயிலில் கார் நிற்கிறது. ஒரு பையன் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் துணியைக் கையில் சுருட்டி வைத்திருக்கிறான். துணியின் முகம் முழுக்கச் செக்கச் செவேலென்று இருக்கிறது. படத்துக்குக் கீழே, “எவ்வளவு செம்மண் அழுக்கு வந்திருக்கு பாருங்க சார்” என்று எழுதியிருந்தார். நான் நன்றி சொல்லிப் பதில் அனுப்பினேன். அந்தப் படத்தின் பொருள் எனக்குப் புரிய ஐந்து வாரங்கள் ஆயின.

மாலையில் கடைக்குள் நான்கைந்து டியூப் லைட்டுகளின் கீழே காரை நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிபோல் மின்னியது. கீறல்கள் தெரியவில்லை, பின்கதவின் கோடும் தெரியவில்லை. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ‘3 ஸ்டெப் ஹேண்ட் பாலிஷ்’ என்று மட்டும் எழுதியிருந்த ஒரு துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். டியூப் லைட்டின் பரந்த வெளிச்சம் மெல்லிய கீறல்களைக் காட்டிக்கொடுக்காது. வெயில், தெருவிளக்கு, கைபேசி டார்ச் போன்ற ஒற்றைப் புள்ளி வெளிச்சம்தான் அவற்றை எடுத்துக்காட்டும். இதை அன்று அறிந்திருந்தால் காரை வெளியே நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

ஜூன் மாதச் சாரல் தொடங்கி, ஷாம்பூ போட்டு மூன்று முறை கழுவியதும் பூச்சு கலைந்தது. பழைய கீறல்கள் எல்லாம் அதே இடங்களில் திரும்பி வந்தன. புதிதாக, கார் முழுவதும் பால் படிந்ததுபோல் ஒரு மங்கல் தெரிந்தது. வெயிலில் மெரூன் நிறம் வெளிறிச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. பானெட்டின் இரண்டு ஓரங்களிலும் மடிப்புக் கோடு ஓடும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பே இல்லாமல் போயிருந்தது. கதவு ரப்பர்களின் இடுக்குகளில் வெள்ளைப் பொடி காய்ந்து ஒட்டியிருந்தது.

கடைக்குப் போனேன். மழைத் தண்ணீரின் உப்பு என்றார்கள். வண்டி துடைப்பவர் மேல் பழி போட்டார்கள். இன்னும் 12,000 ரூபாய் கொடுத்தால் செராமிக் கோட்டிங் போட்டு ‘எல்லாவற்றையும் மூடிவிடலாம்’ என்றார்கள். மூடிவிடலாம் என்ற அந்தச் சொல்தான் என்னை விழிக்கவைத்தது. செராமிக் கோட்டிங் தெளிவான ஒரு படலம். அடியில் கீறல் இருந்தால் கீறலோடும், மங்கல் இருந்தால் மங்கலோடும் சேர்த்து அது பூட்டிவிடும்.

சிங்காநல்லூரில் முப்பது வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் ஒரு பெரியவரிடம் நண்பர் அழைத்துச் சென்றார். அவரிடம் பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி இருந்தது. தகட்டின்மேல் வைத்தால் மைக்ரான் கணக்கைக் காட்டும். கூரையில் 118, 121 என்று வந்தது. ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் கம்பெனியிலேயே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்பதால் அவர் கூரையோடு ஒப்பிட்டு எதையும் சொல்லவில்லை. பானெட்டுக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றி வைத்தார். கண்ணாடி ஓரம் 112. உப்புத் திட்டு இருந்த இடத்தில் 81. மடிப்புக் கோட்டின்மேல் 66. பின்கதவில் பழைய கோடு இருந்த இடத்தில் 74. குனிந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது வெறும் காம்பவுண்டு தேய்ச்சதில்ல தம்பி. திட்டு போகலைன்னு வாட்டர் பேப்பர் போட்டிருக்காங்க. இங்க பாரு, கோடு கோடா நிக்குது” என்றார். காம்பவுண்டு என்பது கீறலைத் தேய்த்தெடுக்கும் துகள்கள் கலந்த பசை.

நான் வாட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார். மெட்டாலிக் நிறக் கார்களில் நிறத்துக்கு மேலே கட்டாயம் கிளியர் கோட் இருக்கும். அதைப் பாலிஷ் செய்யும்போது துணியில் வெண்மையான பசைதான் ஒட்ட வேண்டும். முன்பே கழுவிய வண்டியில் அழுக்கு சேர்ந்து கொஞ்சம் சாம்பல் நிறமாகலாம். காரின் நிறமே துணியில் இறங்குகிறது என்றால், கிளியர் கோட் முடிந்து நிறத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கிளியர் கோட் இல்லாமல் அடித்த பழைய வகைப் பெயிண்டுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் நிறம் துணியில் ஒட்டுவது இயல்பு. எனக்குச் செம்மண் அழுக்கு என்று காட்டப்பட்டது, அப்பா தேர்ந்தெடுத்த அந்த மெரூன் நிறம். அன்று மதியம் படத்தைப் பார்த்தவுடனே ஒரு போன் செய்து நிறுத்தியிருந்தால் பானெட்டின் மற்ற பாதியாவது தப்பியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மங்கலுக்கான காரணத்தையும் அவரே சொன்னார். ரப்பிங் காம்பவுண்டின் பருமனான துகள்கள் பெரிய கீறலை எடுக்கும்போது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்கீறல்களை விட்டுச் செல்லும். அவை வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் பால் படிந்ததுபோல் தெரிகிறது. அதன்பின் நுண்ணிய பாலிஷைக் கொண்டு இன்னொரு சுற்று தேய்த்து அவற்றை அகற்ற வேண்டும். என் காரில் அந்தச் சுற்றே நடக்கவில்லை. வெயிலில் சூடேறிய தகட்டில் காம்பவுண்டு உடனே காய்ந்து பொடியாகியிருக்கிறது. பனியன் துணியின் தையலும் நைலான் நூலும் மேலும் கீறியிருக்கின்றன. விரல் நுனிகளின் அழுத்தம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் விழுந்திருக்கிறது. கடைசியில் எண்ணெயும் நிரப்பியும் கலந்த ஒரு கிளேஸைப் பூசி எல்லாவற்றையும் மறைத்திருக்கிறார்கள். ‘3 ஸ்டெப்’ என்று நான் காசு கொடுத்தது இதற்குத்தான்.

கை பாலிஷே மோசடி என்று நான் சொல்லவில்லை. கருவி 105 மைக்ரானுக்கு மேல் காட்டிய முன்கதவுகளின் மங்கலை, பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி நானே கையால்தான் எடுத்தேன். காலை ஏழு மணிக்கு, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது தொடங்கினேன். கழுவி, களிமண் போன்ற கிளே பாரைச் சோப்புத் தண்ணீரோடு மென்மையாக ஓட்டி ஒட்டியிருந்த துகள்களை எடுத்தேன். மடிப்புகளிலும் ஓரங்களிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும் என்பதால் அவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். மென்மையான ஃபோம் பேடில் நுண்ணிய பாலிஷை நான்கு சொட்டு விட்டு, ஒன்றரை அடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, வட்டமாகச் சுற்றாமல் முதலில் மேலும் கீழுமாகவும் பிறகு குறுக்காகவும், கடைசியில் அழுத்தத்தைக் குறைத்தும் தேய்த்தேன். ஒரு சதுரத்துக்கு இரண்டு சுற்றுகள் தேவைப்பட்டன. ஒரு கதவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. துணியில் வெள்ளைப் பசை மட்டுமே வந்தது. மங்கல் முழுவதுமாகப் போய், நிறம் திரும்பி வந்தது. மெல்லிய கீறல்களில் பாதிக்கு மேல் குறைந்தன. மீதி நின்றுவிட்டன, நான் விட்டுவிட்டேன். கையால் இவ்வளவுதான் முடியும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறலை எந்தப் பாலிஷாலும் எடுக்க முடியாது. அதை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த நேரக் கணக்கையும் கவனியுங்கள்: ஒரு கதவுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், முழுக் காரை ஒரே பகலில் ஒரு பையன் கையால் ‘மூன்று ஸ்டெப்’ முடித்தது எப்படி?

காரை விடுவதற்கு முன், பெயிண்டின் கனத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கருவி இல்லை என்று சொல்லும் கடை, எவ்வளவு தேய்த்தோம் என்று அறியாமலே தேய்க்கப்போகிறது. வாட்டர் பேப்பர் போடுவதானால் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று சீட்டில் எழுத வையுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து பானெட்டின் ஒரு பகுதியில் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் உங்கள் கண்முன்னே துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பூச்சு கலைந்து உண்மையான பரப்பு வெளியே வரும். பிறகு காரை வெயிலுக்கோ, இருட்டிவிட்டால் டார்ச் வெளிச்சத்துக்கோ கொண்டுவந்து சாய்வாகப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இதற்கு மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் துண்டுச் சீட்டையும் படங்களையும் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நான் 1915-இல் பதிவு செய்த பிறகு கடையிலிருந்து 2,000 ரூபாய் திருப்பித் தருவதாகப் போன் வந்தது. பானெட்டுக்கு மட்டும் எனக்கு 5,500 ரூபாய் செலவாகியிருப்பதால் ஏற்கவில்லை. பெரியவரின் அளவுகளைத் தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, அந்தச் சிவந்த துணியின் படத்தோடு ஆணையத்துக்கான மனுவில் சேர்த்திருக்கிறேன்.