எந்தக் கடல் எங்கே முடிகிறது: ஜார்ஜ் டவுனில் விற்கும் இரட்டைத் தாள் கடல் வரைபடம் வாங்கலாமா?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உலக வரைபடத்துக்குப் பஞ்சமில்லை. கடல்களுக்கென்றே தனி வரைபடம் வேண்டும் என்று கேட்டால்தான் கடைக்காரர் யோசிக்கத் தொடங்குவார். நாடுகளுக்கு விதவிதமாக நிறம் தீட்டி, மிச்சத்தை நீலமாக விட்டு, அந்த நீலத்தின் நடுவில் ஒரு பெயரைப் போட்டுவிடுவது பெரும்பாலான சுவர் வரைபடங்களின் வழக்கம். பெயர் இருக்கும், எல்லை இருக்காது. இத்தாலியை ஒட்டிய அயோனியன் கடல் எங்கே முடிந்து ஏட்ரியாட்டிக் கடல் எங்கே தொடங்குகிறது என்று ஒரு மாணவன் கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது.

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பீச் ஸ்திரீட் வட்டாரத்து எழுதுபொருள் கடைகளில் இப்போது கிடைக்கும் இரண்டு தாள் தொகுப்பு அந்தக் குறையைத் தீர்க்க முயன்றிருக்கிறது. ஒரு தாளில் மத்திய தரைக்கடலும் கருங்கடலும், மற்றதில் கன்னியாகுமரி தொடங்கி கிழக்கு இந்தோனேசியா வரையிலான கடல்கள். ஒவ்வொரு தாளும் 100 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம். இரண்டும் சேர்த்து 68 வெள்ளி (ரிங்கிட்). பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளன, அட்டவணை மட்டும் மலாயிலும் உண்டு. இடைநிலைப் பள்ளிப் புவியியலுக்கும் வீட்டுச் சுவருக்கும் ஏற்றது. முதல் தாள் நன்று. இரண்டாம் தாளில் நமக்கு மிக அருகில் இருக்கும் கடலிலேயே பிழை இருக்கிறது, ஆனால் கையால் திருத்திவிடலாம்.

எல்லைக்கு இவர்கள் எதை அடிப்படையாக வைத்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கீழ் ஓரத்தில் சிறிய எழுத்தில் எஸ்-23 என்று அச்சிட்டிருக்கிறார்கள். மொனாக்கோவில் 1921 முதல் இயங்கும் அனைத்துலக நீர்ப்பரப்பியல் அமைப்பின் கடல் எல்லைப் பட்டியல் அது. முதல் பதிப்பு 1928, இரண்டாவது 1937, மூன்றாவது 1953. நான்காவது பதிப்பு இதுவரை நிறைவேறவில்லை. ஜப்பான் கடல் என்பதா, கிழக்குக் கடல் என்பதா என்று ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் உள்ள தகராறு அதற்கு முக்கியக் காரணம். ஆக, 1953-இல் வரைந்த கோடுகளே இன்றும் நடப்பில் உள்ளன. ஒரு வரைபடம் தான் பின்பற்றும் பட்டியலை அச்சிட்டுச் சொல்வதே பெரிய நேர்மை. சொல்லாத வரைபடத்தில் கோடுகள் இருந்தாலும் நம்பாதீர்கள்.

முதல் தாளுக்கு வருவோம். பட்டியல் மத்திய தரைக்கடலை மேற்குப் படுகை, கிழக்குப் படுகை என இரண்டாகப் பிரிக்கிறது. சிசிலியின் மேற்கு முனையிலிருந்து துனீசியாவின் போன் முனைக்கு ஒரு கோடு, மெசினா நீரிணையில் ஒரு கோடு: பிரிவினை அவ்வளவுதான். மேற்கில் ஜிப்ரால்டர் நீரிணை, அல்போரான், பலேரிக், லிகூரியன், டிர்ரீனியன். கிழக்கில் அயோனியன், ஏட்ரியாட்டிக், ஏஜியன். மார்மரா, கருங்கடல், அசோவ் மூன்றும் பட்டியலில் தனித்தனி எண் பெற்றவை, மத்திய தரைக்கடலின் உட்பிரிவுகள் அல்ல. இந்த வேறுபாட்டை நிறத்தாலேயே காட்டியிருக்கிறார்கள். உட்கடல்கள் ஒரே நீலத்தின் வெவ்வேறு சாயலில் இருக்க, கருங்கடல் பக்கம் பச்சை கலந்த நீலத்துக்கு மாறுகிறது.

இந்தத் தாளின் மிகச் சிறந்த அம்சம் அது நிறம் தீட்டாமல் விட்ட இடம். உட்கடல்களையெல்லாம் கூட்டினால் மத்திய தரைக்கடல் முழுதும் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. சார்டினியாவுக்கு மேற்கே அல்ஜீரியக் கடற்கரையை ஒட்டிய பெரும் பரப்புக்கும், கிரீட்டுக்குத் தெற்கும் கிழக்குமாக எகிப்து, லெபனான் வரை விரியும் பரப்புக்கும் 1953 பட்டியலில் தனிப்பெயர் கிடையாது. அவை வெறும் மத்திய தரைக்கடல். கிழக்குக் கோடியை லெவன்டைன் கடல் என்று அழைப்பது பரவலான வழக்கம் என்பதால், அந்தப் பெயரை மெல்லிய எழுத்தில், எல்லைக்கோடு இல்லாமல் போட்டிருக்கிறார்கள். கிரீட் கடலும் அப்படித்தான்: ஏஜியனுக்குள் சிறிய எழுத்தில், கோடின்றி. வழக்குப் பெயருக்கும் பட்டியல் பெயருக்கும் உள்ள வேறுபாடு எழுத்தின் பருமனிலேயே தெரிகிறது.

பெரிய பெயரை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் இருக்கிறது. பல வரைபடங்களில் மத்திய தரைக்கடல் என்ற பெயர் லிபியாவுக்கு வடக்கே சுருக்கமாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும் பிள்ளை, டிர்ரீனியன் ஒரு கடல், மத்திய தரைக்கடல் அதற்குப் பக்கத்துக் கடல் என்று எடுத்துக்கொள்கிறது. இதில் எழுத்துகளை அகல இடைவெளி விட்டு அல்ஜீரியா முதல் சைப்ரஸ் வரை ஓடவிட்டிருக்கிறார்கள். முழுதும் உள்பகுதியும் ஒரே பார்வையில் புரிகிறது.

கோடுகளை இரண்டு இடங்களில் சரிபார்த்தால் போதும், வரைந்தவர் பட்டியலைப் படித்தாரா என்று தெரிந்துவிடும். முதலாவது ஏட்ரியாட்டிக்கின் தென்னெல்லை. ஒட்ரான்டோ நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் கோடு போடுவது பலரின் பழக்கம். பட்டியலோ அல்பேனியாவின் புட்ரின்டோ ஆற்று முகத்தில் தொடங்கி, கோர்ஃபு தீவைக் கடந்து, இத்தாலியின் சாந்தா மரியா டி லெயுகா முனைக்குப் போகிறது. தாளில் அப்படியே இருக்கிறது. இரண்டாவது லிகூரியன் கடல். பட்டியலின்படி அதன் தென்கிழக்கு எல்லை கோர்சிகாவின் வடமுனையிலிருந்து லா ஸ்பேஸியா அருகேயுள்ள டினெட்டோ தீவுக்குப் போகும் கோடு. எனவே லிவோர்னோ துறைமுகமும் எல்பா தீவும் டிர்ரீனியன் பக்கம் விழும். இத்தாலியர் பலர் லிவோர்னோவை லிகூரியன் கடலில்தான் சேர்ப்பார்கள். வரைபடம் பட்டியலைப் பின்பற்றியிருப்பது சரியே. ஆனால் ஒரு சிறு குறிப்புக்கூட இல்லாததால், இத்தாலியச் சுற்றுலா நூலோடு ஒப்பிடுபவர் இதைப் பிழை என்று எண்ணுவார்.

அளவுகோலில் ஒரு எச்சரிக்கை. தாள் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டது; நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இடங்களைப் பெரிதாக்கிக் காட்டும் முறை அது. 1:4,500,000 என்ற அளவு 38° அட்சரேகைக்கு மட்டுமே பொருந்தும், அதாவது அங்கே 1 செ.மீ. என்பது 45 கி.மீ. வடக்கே வெனிஸ் பக்கம் போனால் அதே கோலால் அளந்த தூரம் சுமார் 12 விழுக்காடு கூடுதலாக வரும், எகிப்துக் கரையில் சுமார் 8 விழுக்காடு குறையும். ஏறத்தாழ 800 கி.மீ. நீளமுள்ள ஏட்ரியாட்டிக்கை அப்படி அளந்தால் 850-ஐத் தாண்டிவிடும். கீழே அச்சிட்ட கோலை விட்டுவிட்டு, தாளின் இடது, வலது ஓரங்களில் உள்ள அட்சரேகைப் பிரிவைப் பயன்படுத்துங்கள். அளக்கும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில் உள்ள 1° எப்போதும் 60 கடல் மைல், ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஒரு தையல் நூலை இரு முனைக்கும் நீட்டிப் பிடித்து, அப்படியே ஓரத்துக்கு நகர்த்திப் படித்தால் கணக்கு சரியாக வரும். ஜிப்ரால்டர் நீரிணை 14 கி.மீ.தான், தாளில் 3 மில்லிமீட்டர். மெசினாவின் குறுகிய இடமோ ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ். அவற்றைத் தனிக் கட்டத்தில் பெரிதாக்கிக் காட்டியிருக்க வேண்டும். மூலையில் இருந்த இடத்தையெல்லாம் கொடிப் படங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் தாள் 1:7,000,000. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி என்பதால் மெர்கேட்டர் இங்கே தொல்லை தராது. 10° அட்சரேகையில்கூட ஒன்றரை விழுக்காடுதான் வித்தியாசம். பொதுவான கோலையே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இங்கே பெயரிடும் முறை முற்றிலும் வேறு. மத்திய தரைக்கடலில் முழுமைக்குப் பெயர் உண்டு, பாகங்கள் அதைக் கூட்டி நிரப்புவதில்லை. கிழக்குத் தீவுக்கூட்டத்தில் பாகங்கள் இடைவெளியே இல்லாமல் நிரம்பியிருக்கின்றன: சுலு, செலிபிஸ், மொலுக்கா, ஹல்மஹேரா, செராம், பண்டா, அரஃபுரா, தீமோர், புளோரஸ், பாலி, ஜாவா, சவு. முழுமைக்குப் பட்டியலில் ‘கிழக்குத் தீவுக்கூட்டக் கடல்கள்’ என்று ஒரு தலைப்பு உண்டு, ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வரைபடம் அந்தத் தலைப்பை வலிந்து தாள் முழுக்க ஓடவிட்டிருப்பதால் சிறிய பெயர்களைப் படிப்பது சிரமமாகிறது. முதல் தாளில் பலித்த உத்தி இங்கே பலிக்கவில்லை.

ஆழச் சாயலில், அதாவது ஆழம் கூடக்கூட நீலத்தை அடர்த்தியாக்கிக் காட்டுவதில், மட்டும் இந்தத் தாள் முதல் தாளையும் மிஞ்சுகிறது. சபா மாநிலம் மூன்று கடல்களைப் பார்க்கிறது: கோத்தா கினபாலு தென்சீனக் கடலை, சண்டகான் சுலு கடலை, தாவாவும் செம்பூர்ணாவும் செலிபிஸ் கடலை. சுலுவும் செலிபிஸும் ஏன் இரண்டு பெயர் பெற்றன என்பதற்கு அடர்நீலத்தில் தெரியும் இரண்டு தனிக் குழிகளே பதில். நடுவே சுலு தீவுத்தொடர் மேடாக நிற்கிறது. ஜாவா கடலோ சராசரியாக 46 மீட்டர் ஆழமே உள்ள வெளிறிய தட்டு. பண்டா கடலின் வெபர் பள்ளம் 7,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. புளோரஸுக்கும் பண்டாவுக்கும் இடையிலான கோட்டின் முழு நீளத்துக்கும் அப்படியொரு தடுப்புச் சுவர் கிடையாது. அது ஓரளவு காகிதத்தில் போட்ட கோடு. எது இயற்கை எல்லை, எது ஏற்பாட்டு எல்லை என்பதைச் சாயலே பிரித்துக் காட்டுகிறது. வகுப்பில் இதை வைத்தே ஒரு பாடவேளை நடத்தலாம்.

இனி பிழைக்கு வருவோம். அந்தமான் கடலின் நிறத்தை லங்காவியையும் தாண்டிப் பினாங்கின் வடகரை வரை இழுத்துவிட்டார்கள். சுற்றுலா விளம்பரங்கள் லங்காவியை அந்தமான் கடலில் வைப்பது உண்மைதான். ஆனால் எஸ்-23-ஐ அடிப்படையாகச் சொல்லிக்கொண்ட வரைபடம் அப்படி வரையக் கூடாது. பட்டியல்படி மலாக்கா நீரிணையின் வடமேற்கு எல்லை, சுமத்ராவின் வடமுனையிலிருந்து புக்கெட் தீவின் தென்முனைக்குப் போகும் கோடு. அந்தக் கோட்டுக்குத் தென்கிழக்கே உள்ள லந்தா தீவு, சாத்தூன், லங்காவி, பினாங்கு எல்லாமே மலாக்கா நீரிணை. திருத்துவது எளிது. பண்டா அச்சே நகர் அருகே சுமத்ராவின் வடமுனையில் ஒரு புள்ளி, புக்கெட்டின் தென்முனையில் ஒரு புள்ளி, அழியாத கறுப்புப் பேனாவால் கோடு. பழைய புள்ளிக்கோட்டின் மேல் நீல ஸ்டிக்கர் துண்டு ஒட்டிவிடலாம். தெற்கே தஞ்சோங் பியாயில் நீரிணை முடிந்து சிங்கப்பூர் நீரிணை தொடங்கும் இடம் சரியாகவே இருக்கிறது. அது கிழக்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தில் முடிவதையும் குறித்திருக்கிறார்கள். 2008-இல் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்குத் தீர்ப்பளித்த பத்து பூத்தே பாறை அதுதான்.

தாய்லாந்து வளைகுடாவுக்கும் கோடு இல்லை. பெயர் மட்டும் திரெங்கானு வரை நீண்டு கிடக்கிறது. பட்டியலின் கோடு வியட்நாமின் கா மாவ் முனையிலிருந்து கிளந்தான் ஆற்று முகத்துக்கு வருகிறது. ஆகவே தும்பாட் நகர் தாய்லாந்து வளைகுடாவில், பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகள் தென்சீனக் கடலில். இதையும் பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் தென்சீனக் கடலுக்கு ‘மற்றப் பெயர்கள்’ என்று வியட்நாமின் கிழக்குக் கடல், மேற்கு பிலிப்பைன்ஸ் கடல், வட நத்துனா கடல் மூன்றையும் ஒரே வரியில் அடுக்கியிருப்பது இந்தத் தொகுப்பின் ஆகப் பெரிய கருத்துப் பிழை. முதலாவது முழுக் கடலுக்கும் வியட்நாமியர் வழங்கும் பெயர். மற்ற இரண்டும் பகுதிப் பெயர்கள்: 2012-இல் பிலிப்பைன்ஸ் அரசாணை தன் பக்கத்துக்கு வைத்தது ஒன்று, 2017-இல் இந்தோனேசியா தன் வரைபடத்தில் நத்துனாவுக்கு வடக்கே வைத்தது இன்னொன்று. பெரிய கடலுக்குள் சிறிய கடல் பிறப்பதை நம் காலத்திலேயே காட்டும் இரண்டு எடுத்துக்காட்டுகளை மாற்றுப்பெயர் என்று ஒதுக்கியது பெரிய இழப்பு.

மேற்கு ஓரம் நம் வாசகருக்குப் பிடிக்கும். இராமர் பாலத்தில் தெளிவான எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா வங்காள விரிகுடாவைச் சேர்ந்தது, தெற்கே மன்னார் வளைகுடா இலட்சத்தீவுக் கடலைச் சேர்ந்தது. தூத்துக்குடிக்காரர் பலருக்குத் தம் ஊர் எந்தக் கடலில் இருக்கிறது என்பது இதைப் பார்த்தபின்தான் தெரியவரும். கிழக்கு ஓரம் 136° தீர்க்கரேகையில் வெட்டுப்படுவதால் அரஃபுரா கடல் பாதிதான் கிடைக்கிறது.

தாளின் தரம் பரவாயில்லை. பளபளப்பு லேமினேஷன் குழல்விளக்கின் கீழ் கண்ணைக் கூசச்செய்யும், மங்கல் பூச்சு இருந்தால் அதையே கேளுங்கள். லேமினேஷன் இல்லாத தாள் பினாங்கின் ஈரக்காற்றில் ஓரம் நெளிந்து பூஞ்சை பிடிக்கும், மலிவு என்று எடுக்க வேண்டாம். சுருண்டு நிற்கும் தாளைப் படம் வெளிப்பக்கம் வருமாறு எதிர்த்திசையில் சுருட்டி ஓர் இரவு வைத்தால் நேராகிவிடும். இருபக்க டேப் சுவர்ப் பெயின்டைப் பெயர்த்துவிடும். மேல் ஓரத்தில் நான்கு உலோகத் துளைகள் அடித்துத் தரும் கடையில் வாங்குவது மேல்.

தனித்தாளாகக் கேட்டால் ஒன்று 38 வெள்ளிக்குத் தருகிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பிழைகளோடும் இரண்டாம் தாளையே எடுங்கள். திருத்த இரண்டு கோடு போதும், அந்த ஆழச் சாயல் வேறு எதிலும் கிடைக்காது. உருளை அட்டைப்பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மடித்து வாங்கினால் நடு மடிப்பு சிங்கப்பூர் நீரிணைக்குச் சற்றுக் கிழக்கே விழுந்து, ஹார்ஸ்பர்க் குறியையும் எல்லைக்கோட்டையும் தேய்த்துவிடும்.