வீட்டு லேத்தில் கடைந்த உருளை மூலைமட்டம்: துல்லியத்தில் குறையில்லை, விளிம்பில்தான் தொல்லை

செங்கோணம் சரிபார்க்க நிமிர்த்தி வைக்கும் உருளை மூலைமட்டம் ஒன்றை நானே கடைந்தேன். அதன் அடி விளிம்பை மூன்றாவது முறையாகச் சீவி எடுத்திருக்கிறேன். "இப்படி ஒன்றை வாங்கவா, நானே கடையவா?" என்று நண்பர் கேட்டிருக்கிற நேரமும் இதுதான்.

என்னுடையது 50 மி.மீ. விட்டமுள்ள இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பி, 120 மி.மீ. நீளம், இரு சென்டர்களுக்கு (முனைத் துளைகளில் பொருந்தித் தாங்கும் கூர்முனைகள்) இடையே கடைந்தது. இதில் மனம் நிறைந்த விஷயம் ஒன்று உண்டு. கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்காக நகர்த்தும் பகுதி) கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வேலை கெடாது. ஃபேசிங் (முனை முகத்தைச் சீவுவது) கூம்பாகப் போகலாம். ஆனால் டூல் முனை கீறும் ஒவ்வொரு வட்டமும் சுழலும் அச்சுக்குச் செங்குத்தாகவே விழும். அடியின் நடுவை 3 மி.மீ. ஆழம் குடைந்து, ஓரத்தில் 5 மி.மீ. வளையம் மட்டும் விடுங்கள். அது உள்நோக்கி மிக லேசாகக் குழிந்திருந்தால் வெளி விளிம்பில் நிற்கும். உள் விளிம்பில் நின்றால் அடித்தளம் சிறுத்துவிடும்.

அதற்குப் பிறகு கவனிக்க வேண்டியது டேப்பர் மட்டும், அதாவது ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்திருப்பது. இரு முனையிலும் மைக்ரோமீட்டர் வையுங்கள். டெயில்ஸ்டாக் (வலது முனையைத் தாங்கும் பகுதி) பக்கம் பருத்திருந்தால், வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியளவு டெயில்ஸ்டாக்கை உங்கள் பக்கம் நகர்த்துங்கள். 100 மி.மீ. இடைவெளியில் விட்டம் 0.01 மி.மீ. மாறினால் பக்கச் சாய்வு 5 மைக்ரான் (0.005 மி.மீ.)தான். மூலைமட்டங்களுக்கான ஜெர்மன் தரநிலை டின் 875-இன் 0 தரம் அதே நீளத்துக்கு 7 மைக்ரான் வரை அனுமதிக்கிறது. கடைந்த சூட்டோடு அளக்காதீர்கள். 10 டிகிரி சூடு 50 மி.மீ. விட்டத்தை 5 மைக்ரானுக்கு மேல் கூட்டிக் காட்டும். ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால் இல்லாத டேப்பரைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். கடைசி வெட்டு 0.1 மி.மீ., ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகர்வது) 0.05 மி.மீ. எமரி தாள் வேண்டவே வேண்டாம். அது சமமாகத் தேய்க்காது.

இனி எரிச்சல். இஎன்8 மிருதுவானது. சர்ஃபேஸ் பிளேட்டின் (உருளையை நிறுத்தும் சமதளப் பலகை) ஓரத்தில் லேசாக இடித்தாலே விளிம்பில் பிசிறு எழும்பிவிடும். அது 0.02 மி.மீ. உயரம் இருந்தால் போதும், 50 மி.மீ. அடிக்கு 100 மி.மீ. உயரத்தில் 0.04 மி.மீ. சாய்ந்துவிடும். அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த 5 மைக்ரான் அதோடு போயிற்று! கண்ணுக்கு எதுவும் தெரியாது. டயல் கேஜை (நுண் அசைவை முள்ளால் காட்டும் அளவி) மேல் முனையில் வைத்து உருளையை அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். முள் ஆடினால் அடியில் பிசிறு அல்லது தூசி. தூசியைத் துடைத்தும் ஆடினால் எண்ணெய்க்கல்லைத் தட்டையாக வைத்து ஒரு தேய்ப்பு. விளிம்பில் 0.3 மி.மீ. சாம்ஃபர் (சாய்வுச் சீவல்) கட்டாயம் எடுங்கள். ஓரளவு தாங்கும், முழுதாகக் காக்காது.

அடி பெரிதாக இடிபட்டால் மறுபடி சென்டரில் ஏற்றலாம். அதற்காகவே சென்டர் துளைகளை அழுக்கும் இடியும் படாமல் காக்க வேண்டும். விளிம்பை மட்டும் சீவிவிட்டு நிறுத்தாதீர்கள். ஏற்றும்போது அச்சு சற்று மாறியிருக்கும், அதனால் பக்கத்தையும் அதே ஏற்றத்தில் ஒரு சீவல் எடுங்கள். விட்டம் குறைவதால் நட்டமில்லை.

துல்லியத்துக்குப் பத்துக்குப் பத்து தருகிறேன். ஆனாலும் நண்பரே, இன்றைய மனநிலையில் சொல்கிறேன்: கையில் பணம் இருந்தால் கடினப்படுத்தி கிரைண்டிங் செய்ததை வாங்கிவிடுங்கள். கடைந்தே தீருவேன் என்றால் வார்ப்பிரும்பில் கடையுங்கள். அடி பட்டால் அது உதிரும், பிசிறாக எழும்பாது.