ஷிப்ட் முடிந்த பிறகும் போன் அலறுகிறதா? இரண்டு ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

நெல்லை பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு மானூரிலோ தாழையூத்திலோ வந்து படுப்பவருக்குக் காலை 11 மணிதான் நடுராத்திரி. அப்போது வேலை விஷயம் பேசும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்பின் குரூப்பில் சத்தம் வந்தால் தூக்கம் போச்சு.

டீம்ஸ் மொபைல் ஆப்பில் ‘அமைதி நேரம்’ இருக்கிறது. எந்த நேரம், எந்தக் கிழமை என்று தொழிலாளியே தன் போனில் குறித்துவிட்டால் அறிவிப்பு வராது. ஜெனரல் ஷிப்டுக்குக் கச்சிதம். ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்தான் பாவம், ஒவ்வொரு தடவையும் கையால் மாற்ற வேண்டும்.

மற்றது, நிர்வாகி வைக்கும் ஷிப்ட் எச்சரிக்கை. இது டீம்ஸுக்குள் யாருக்கு எப்போது வேலை என்று குறித்துவைக்கும் ‘ஷிப்ட்ஸ்’ அட்டவணையைப் பார்த்து வேலை செய்வதால் தொழிலாளி எதையும் தொட வேண்டாம். ஆனால் இது சத்தத்தை அடக்குவதற்கானது அல்ல. ஷிப்ட் இல்லாதபோது ஆப்பைத் திறந்தால் ஒரு செய்தி வரும், அதை ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகலாம். தயாராகக் கொடுத்திருக்கும் வாசகங்களில் ஒன்று, அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. சூப்பர்வைசர், “அண்ணாச்சி, நாளைக்கு வர முடியுமா?” என்று கேட்டதற்குப் பதில் போட வந்தவரை இதை அமுக்க வைப்பது அநியாயம். சொந்த வாசகம் எழுதவும் வசதி உண்டு. தமிழிலேயே எழுதுங்கள்: “இப்போது உங்களுக்கு ஷிப்ட் இல்லை. பதில் சொல்லக் கட்டாயமில்லை.”

தூக்கம்தான் கவலை என்றால் என் ஓட்டு அமைதி நேரத்துக்கே. ஷிப்ட் மாறும் நாளில் அதை மாற்றிவைக்க சூப்பர்வைசரே நினைவூட்டட்டும்.