உப்புக்காற்றில் கொங்கிறீட் முற்றம்: கம்பி வலையா, உருக்கு நாரா, பிளாஸ்டிக் நாரா?

கலவையில் சேர்க்கும் சிறு நார்த் துண்டுகளால் கொங்கிறீட்டின் அமுக்க வலிமை (நசுங்காமல் பாரம் தாங்கும் திறன்) கூடும் என்று நம்பி வாங்காதீர்கள். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீரும் சீமெந்தும் சேரும் அளவுதான். வெடித்த பிறகுதான் நாருக்கு வேலை: வெடிப்பின் இரு பக்கத்தையும் பிடித்து, விரியவிடாமல் வைத்திருக்கும்.

கம்பி வலை மேசன்மாருக்குப் பழகியது. 100 மி.மீ. தளத்தில் அது மேல்பக்கமாக இருந்தால்தான் பயன். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் துருவுக்குப் பயந்து வலைக்கு மேல் 50 மி.மீ. கொங்கிறீட் மூடல் விட்டால் வலை நடுவுக்கு இறங்கிவிடும். கொட்டும்போது மிதிபட்டால் அடியிலேயே கிடக்கும். மேலே வைத்தால் உப்பு எட்டும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீட் பொருக்காகப் பெயரும். அதற்குப் பிறகு ஒட்டுப்போடுவது ஓயாத செலவு.

உருக்கு நார் (கன மீற்றருக்கு 25–40 கிலோ) பாரமான களஞ்சியத் தளத்துக்கு நல்லது. உள்ளே புதைந்தது சிறு துண்டுகளாக இருப்பதால் பெரிதாக உப்பிப் பெயர்க்காது. மேலே நீட்டியது துருப்புள்ளி போடும், வெறுங்காலில் குத்தும்.

வீட்டு முற்றத்துக்கு என் தெரிவு 40–50 மி.மீ. நீளமான தடித்த பொலிப்புரோப்பிலீன் (பிளாஸ்டிக்) நார். துரு என்ற பேச்சே இல்லை. கன மீற்றருக்கு 4 கிலோ. 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவையில் 50 கிலோ சீமெந்துப் பைக்கு ஏறத்தாழ 600 கிராம். மிக்சர் ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நான்கைந்து நிமிடம் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டும். கலவை இறுகித் தெரியும். உடனே தண்ணீர் ஊற்றினால் வலிமை அங்கேயே போய்விடும். இளக்கும் இரசாயனத்தைச் சேருங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில், கொட்டிய சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு காய்ந்து மயிரிழையாக வெடிக்கும். அதைக் குறைக்க 12 மி.மீ. மெல்லிய நாரும் பைக்கு 140 கிராம் போடலாம். அதற்காக ஈரச்சாக்கு மூடி 7 நாள் நனைப்பதை விட்டுவிட முடியாது.

தொடர்ந்த இழுவையில் பிளாஸ்டிக் மெல்ல நீளும். ஆகவே வளை (பீம்), மேல்தளச் சிலாப் ஆகியவற்றின் பிரதான கம்பிக்கு இது மாற்றில்லை. லொறி ஏறும் தளமென்றால் பொறியியலாளரிடம் கணக்குக் கேளுங்கள். எந்த நார் போட்டாலும், வெடிப்பு கண்ட இடத்தில் வராமல் வெட்டிலேயே வரும்படி, மறுநாளுக்குள் 2.5–3 மீற்றருக்கு ஒரு வெட்டு, 25–30 மி.மீ. ஆழத்தில் போட்டுவிடுங்கள்.