பன்னிரண்டு வருட வேகன் ஆரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்த கதை

2013ல் கோவையில் வாங்கிய வேகன் ஆர். 998 சிசி, மூன்று சிலிண்டர், கொடுக்கும்போது 94,000 கிலோமீட்டர். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நாலு பேரோடு ஏசி போட்டால் முனகும். ஏசியை அணைத்தால் சமாதானமாகி ஏறிவிடும். நடுவழியில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. குடும்பம் பெருத்துவிட்டதால், 2025 அக்டோபரில் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி எடுத்தோம்.

வேல்யூவேஷனுக்கு முந்தின வாரம் ரப்பிங் பாலிஷ், சீட் கவர் என்று 3,800 ரூபாய் செலவழித்தேன். தண்டம். வந்த பையன் பளபளப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு ரப்பரைப் பிதுக்கி உள்ளே வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தார். பெயிண்ட் தடிமனைக் காட்டும் மீட்டரை வைத்துக்கொண்டே வந்தார்: 110, 120, 115 மைக்ரான். இடது பின்கதவில் 340. "இங்க டிங்கரிங் நடந்திருக்குங்களே சார்?" வீட்டு கேட்டில் நானே உரசியது, மறந்தே போயிருந்தேன். அடுத்து டயர். பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஓரத்தில் இருந்த 1419ஐப் படித்துவிட்டார். 2019ம் வருடம், 14வது வாரம். ஆறு வயசு டயர் என்று குறித்துக்கொண்டார். டிக்கியைத் திறந்து, "ஜாக்கி ராடு எங்கீங்க சார்?" என்றார். அதுவும் இல்லை.

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது இரண்டு விஷயத்துக்குத்தான்: இரண்டாவது சாவி, பழைய சர்வீஸ் பில்கள். 71,000 கிலோமீட்டரில் கிளட்ச் மாற்றிய பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்க, பழையதும் கூடவே இறங்கிவிட்டது. ஷோரூமில், "எல்லாம் சேர்த்து 1,90,000 சார்" என்றார்கள். இந்த 'எல்லாம் சேர்த்து'தான் வில்லங்கம். பிரித்து எழுதச் சொன்னேன்: வண்டிக்கு 1,65,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000. வெளியே ஒரு புரோக்கர் வண்டிக்கு மட்டுமே 1,85,000 சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் 1,78,000க்கு வந்தார்கள், போனஸ் தனி. ஆனால் புது வண்டிக்குச் சொல்லியிருந்த டிஸ்கவுண்டில் சத்தமில்லாமல் 10,000 குறைந்திருந்தது! புது வண்டியின் ஆன்ரோடு விலையை எழுத்தில் முடிக்கும்வரை பழைய வண்டிப் பேச்சையே எடுத்திருக்கக் கூடாது. சண்டை போட்டுத்தான் அந்த 10,000ஐ மீட்டேன்.

என்னை உண்மையில் அலையவிட்டது ஆர்.சி. லோன் 2018லேயே முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் வங்கி பெயர் அப்படியே இருந்தது. தவணை முடிந்தால் தானாக நீங்கிவிடும் என்று இருந்துவிட்டேன். அப்போது வாங்கிய என்.ஓ.சி. (கடன் பாக்கியில்லை என்ற வங்கிச் சான்று) காலாவதி, அதனால் வங்கியில் புதிதாக ஒன்று, வங்கி பெயரை நீக்கப் படிவம் 35, அப்புறம் அரசின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பம். மூன்று வாரம் போய்விட்டது. கடன் முடிந்த மாதமே ஹெச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் இருக்கும் வங்கிக் கடன் பதிவை, கேன்சல் செய்திருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது.

இன்சூரன்ஸிலும் ஒன்று உண்டு, ஷோரூமில் யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்து வருடமாக கிளெய்ம் எடுக்காததால் எனக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருந்தது. அது வண்டியோடு போகாது, நமக்குச் சொந்தம். விற்றதற்கான சான்றைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கிப் புது பாலிசியில் சேர்த்ததில், சுமார் 6,000 ரூபாய் மிச்சம். மூன்று வருடத்துக்குள் பயன்படுத்தினால் போதும்.

சாவியைக் கொடுக்கும்போது தேதி, மணி, கிலோமீட்டர் எழுதி, முத்திரையோடு டெலிவரி நோட் கேட்டேன். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று இழுத்தார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நடந்தால் அவர்தான் உரிமையாளர் என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்துப் போட்டதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. ஃபாஸ்டேகையும் அன்றே மூடினேன்.

மூன்று வாரம் கழித்து என் போனுக்கு ஒரு இ-சலான்: சீட் பெல்ட் போடவில்லையாம், இடம் திருப்பூர். டெலிவரி நோட்டைப் போட்டோ எடுத்து ஷோரூமுக்கு அனுப்பினேன். மறுநாளே அவர்களே கட்டிவிட்டார்கள். பெயர் மாற 53 நாள் ஆனது, அதுவரை வாரம் ஒருமுறை எம்பரிவாகன் ஆப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜாக்கி ராடு போன வாரம் மாடிப்படிக்குக் கீழே கிடைத்தது.