பழைய கனிமப் பெட்டி: லேபலை நம்புவதா, கல்லை நம்புவதா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய கனிம மாதிரிப் பெட்டி உங்கள் கைக்கு வந்தால், அதன் பூர்வீகத்தைச் சொல்ல இரண்டு சாட்சிகள் உண்டு.

லேபல் காலத்தைச் சொல்லும். ஆங்கிலத்தில் 'சிலோன்' என்றிருந்தால் அது பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முன் அச்சானது. ஆனால் மிஞ்சிய தாளைப் பிறகும் ஒட்டியிருக்கலாம்.

நான் கல்லின் பக்கம். கறுப்பு மணலாக இல்மனைற்று என்ற தைத்தேனியத் தாது இருந்தால் புல்மோட்டையை நினைக்கலாம். தாளில் எழுதும் காரீயம் (கிராபைற்று) போகலையிலோ ககட்டகஹவிலோ தோண்டியதாக இருக்கக்கூடும். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலயின் அப்பறைற்று என்ற பொசுபேற்றுக் கனிமம் இருந்தால் இன்னும் நல்லது: அந்தப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது 1971இல், ஆகவே பெட்டி அதற்கு முந்தியதல்ல. அந்தக் கல் பின்னர் சேர்த்ததா என்று மட்டும் பாருங்கள். அடியிலுள்ள பஞ்சில் பதிந்த தடம் கல்லோடு பொருந்த வேண்டும்.

எங்கள் சுண்ணக்கல்தான் ஏமாற்றும். சிப்பித் தடங்களோடு, அமிலத் துளி பட்டால் நுரைக்கும் மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துக் கல் காங்கேசன்துறையிலும் உண்டு, புத்தளத்து அறுவக்காட்டிலும் உண்டு. அங்கே மட்டும் லேபல் இல்லாமல் ஊரைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பசை விட்ட லேபலையும் எறியாமல் அதன் அறைக்குள்ளேயே வையுங்கள்.