ரோம் கொலோசியம் போகிறவர்கள் கவனத்துக்கு

கொலோசியோ மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே, கழுத்தில் அட்டை மாட்டிய ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். "இன்றைக்கு டிக்கெட் தீர்ந்துபோச்சு, எங்களிடம் மட்டும்தான் இருக்கு, வரிசையில் நிற்க வேண்டாம்" என்பார்கள். நம்பாதீர்கள்.

நாங்கள் தலைக்கு 65 யூரோ கொடுத்தோம். வீரர்கள் சண்டையிட்ட களம், அதன் அடியில் உள்ள நிலவறைகள், வழிகாட்டி எல்லாம் சேர்த்து என்றார்கள். கைக்கு வந்தது 18 யூரோ சாதாரண டிக்கெட். அதில் களத்துக்கும் நிலவறைக்கும் அனுமதியே கிடையாது என்று உள்ளே ஊழியர் தடுத்தபோதுதான் தெரிந்தது. வரிசையும் தப்பவில்லை. பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் உண்டு. வெயிலில் வெகுநேரம் நின்றோம்.

பணம் போனதைவிட எனக்கு மனசு ஆறாதது அந்த வழிகாட்டி அளந்த கதையால்தான். கொலோசியத்தைக் கட்டியது ரோமப் பேரரசன் நீரோவாம். நீரோ இறந்தது கி.பி. 68-ல். அவனுடைய அரண்மனைக் குளத்தைத் தூர்த்து அந்த இடத்தில் கட்டத் தொடங்கியவர் பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன். திறந்துவைத்தது அவர் மகன் டைட்டஸ், கி.பி. 80-ல். சுவரெங்கும் உள்ள குழிகள் போரில் குண்டு பட்டவையாம். கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் பெயர்த்தெடுத்த தடங்கள் அவை. தேர்ப் பந்தயமும் இங்கேதான் நடந்ததாம். அதற்கென்றே இருந்த சர்க்கஸ் மாக்சிமஸ் மைதானம் நடந்து போகிற தூரத்தில் கிடக்கிறது. என் மகள் இத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினோம்.

நிஜமாகவே பார்க்க வேண்டியதை அவர் காட்டவே இல்லை. வடக்குப் பக்கம் வெளிச்சுவர் வளைவுகளின் மேல் 23 முதல் 54 வரை ரோமன் எண்கள் இன்னும் இருக்கின்றன. மொத்தம் 80 வாசல்; எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று அன்றைய மக்கள் பார்த்துப் போன எண்கள் அவை. தவறவிடாதீர்கள்.

டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். போகிற நாளுக்கு 30 நாள் முன்பு விற்பனையைத் திறப்பார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். மொத்தமாக டிக்கெட்டை வளைத்துப்போட்டதற்காக 2025-ல் இத்தாலியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் சில நிறுவனங்களுக்குக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. அந்த அளவுக்கு நடக்கிற வியாபாரம் இது. டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், அதனால் பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். என் மகளுக்கும் சேர்த்துத்தான் 65 யூரோ வாங்கினார்கள்.